பிரட்டுக்களத்துக்கு மிருக வைத்தியர் வரட்டும்

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து லயத்தில் வளரும் குட்டி நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாமல், வாந்தியெடுத்து, இரத்தமாகக் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வோ வைரஸாக இருக்கலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்பது வரை செத்துப்போகக்கூடிய நோய் அது. நோயாளி நாயை பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் சம்மதிப்பது அரிது. முச்சக்கர வண்டிதான் பேசவேண்டும். போகவர ஒரு வாடகை, இடையில் காத்திருந்ததற்கு இன்னொன்று. கூடப் போகிறவருக்கு அன்றைய பெயர் விழாது, நாட்சம்பளமும் இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை 1,550 ஆக்கி, வருகைக்கென்று அரசு 200 ரூபா சேர்த்துத் தரும் என்றது 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம். எந்தக் கணக்கில் பார்த்தாலும், வைத்தியர் குட்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு நாள் உழைப்பும் அதற்கு மேலும் கரைந்துவிடுகிறது. பார்வோவுக்கோ ஒரு நாள் சேலைன் போதாது, தொடர்ந்து சில நாள் ஏற்றவேண்டும். இரண்டாம் நாள் போவதற்குக் கையில் காசில்லை. குட்டி செத்துப்போகிறது. தோட்டத்துச் சனத்துக்கு வாயில்லா ஜீவன்மேல் அக்கறை கிடையாது என்று டவுனில் யாராவது சொல்வார்கள்.

அக்கறை இல்லாமல் இல்லை. மலையகத்தில் பிராணி வளர்க்கும் செலவு என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு மருந்துக்கோ வைத்தியருக்கோ போவதில்லை, பாதைக்குப் போகிறது. அதைக் குறைப்பது தனியார் வைத்தியரின் கையில் இல்லை. அது அரசின் வேலை. அரச மிருக வைத்தியர் மாதத்தில் குறித்த ஒரு நாளில், தொழிலாளர் காலையில் கூடும் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்கு வரவேண்டும் என்று கேட்கிறோம். மாடு, ஆட்டோடு நாய், பூனையையும் அவர் பார்க்கவேண்டும்.

இதைப் படிக்கும்போதே சிலருக்குச் சிரிப்பு வரும். மனிதருக்கே காணியில்லை, தோட்ட வைத்தியசாலைகள் பலவற்றில் டொக்டர் இல்லை, இதில் நாய்க்கு வைத்தியமா என்று கேட்பார்கள். கேள்வியின் முதற்பாதியோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் இந்த வாதத்தை எடுத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் லயத்தில் வாழாதவர்கள். மரக்கறிப் பாத்திக்குள் காட்டுப்பன்றி இறங்கும்போது குரைப்பது நாய். சிறுத்தை லயத்தடிக்கு வந்தால் முதலில் தெரிந்துகொள்வதும் அதுதான், பல நேரங்களில் முதலில் பலியாவதும் அதுதான். லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் நிற்கும் பசு, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும் கலியாணத்துக்கும் உதவும் ஒரே சேமிப்பு. மடிவீக்கம் கண்ட பசுவுக்கு ஊசி இரண்டு நாள் பிந்தினால் ஒரு காம்பு நிரந்தரமாக வற்றிப்போகலாம். அம்பேவல, போபத்தலாவ, டயகம என்று பெரும் பாற்பண்ணைகள் இதே நுவரெலியா மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே மாட்டுக்கு வைத்தியம் கிடைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்து லயத்து மாட்டுக்குக் கிடைப்பதில்லை. பால்மா இறக்குமதிக்கு டொலர் தேடுகிற நாடு இப்படி நடந்துகொள்கிறது.

பிராணிக்கு வைத்தியம் பார்ப்பது மலையகத்துக்குப் புதிதும் அல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களையும் உயர்சாதி மாடுகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். 1854இல் வெளியான அவருடைய நூலின் பெயரிலேயே வேட்டைநாய் இருக்கிறது. துரை பங்களாவின் நாய்க்கு என்றைக்கும் வைத்தியம் இருந்தது. லயத்து நாயைப் பற்றித்தான் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அரசால் முடியும் என்பதற்கு அரசே செய்துகாட்டிய சான்று ஒன்று உண்டு. 1973இல் இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. சுகாதார அமைச்சின் தடுப்பூசிக் குழுக்கள் சந்தி சந்தியாகப் போய், சனங்கள் கயிற்றில் பிடித்துவந்த நாய்களுக்கு இலவசமாக ஊசி போட்டதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. கண்டிக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தால் எத்தனை நாய் போயிருக்கும்? மலையகத்துச் சனங்களும் அந்த ஊசிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள்தான். பக்கத்தில் வந்தால் வருவார்கள். இந்தப் பாடத்தை ஒரே ஒரு நோயோடு அரசு நிறுத்திக்கொண்டது.

பொறுப்பு யாருடையது என்று தேடினால் சிக்கல் தெரிகிறது. பேராதனையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் மத்திய அரசுக்குரியது. பிரதேசங்களில் உள்ள அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மாகாணத்தின் கீழ் வருகின்றன. நாய்க்கான நீர்வெறுப்புத் தடுப்பூசி சுகாதார அமைச்சின் வேலை. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாய்களைப் பதிவதோ உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. அந்த உள்ளூராட்சி மன்றம் தோட்டத்துக்குள் காலடி வைக்கவே நெடுங்காலம் சட்டம் தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை, மாகாணம் ஆளுநரின் கையில். தோட்டத்துக்குள் வரலாம் என்று சட்டம் கதவைத் திறந்த ஆண்டிலேயே, மிருக வைத்தியத்துக்குப் பொறுப்பான சபையில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

ஆளணியும் சனத்தொகைக்கு ஏற்ப வகுக்கப்படவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பிரதேச செயலகங்களைப் பிரிக்கவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் நோர்வூட், தலவாக்கலை என்ற புதிய பிரிவுகள் வந்தன. புதிய பிரிவுக்குப் பெயர்ப்பலகையோடு மிருக வைத்திய அலுவலகமும் அதற்குரிய ஆளணியும் வரவேண்டும் என்று மேடையில் கேட்ட அரசியல்வாதியை நாம் பார்த்ததில்லை. மாடு வாக்களிப்பதில்லை, சரி. மாட்டுக்காரர் வாக்களிக்கிறார்.

தனியார் வைத்தியர்களைத் திட்டுவது இன்று எளிது. கட்டணம் கொள்ளை என்கிறார்கள். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியபோது, இறக்குமதியாகும் தடுப்பூசி, மயக்க மருந்து, பரிசோதனைக்கூடப் பொருள் எல்லாமே அதனோடு ஏறின. மனிதருக்கு அரச வைத்தியசாலை இலவசம் என்பதால் நமக்கு வைத்தியத்தின் உண்மையான விலை தெரியாது. மிருக வைத்தியரிடம் போகும்போதுதான் முதன்முறையாக அதைப் பார்த்துத் திடுக்கிடுகிறோம். இதற்காக அவரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. ஆனால் கட்டணத்தை மறைப்பதற்கும் இது சாக்காகாது. பிரித்தானியாவில் மிருக வைத்தியக் கட்டணம் பற்றிக் கவலை எழுந்ததால் அங்குள்ள போட்டி, சந்தை ஆணையம் 2023இல் விசாரிக்கத் தொடங்கியது. நிலையங்கள் கட்டணப் பட்டியலை வெளியிடவேண்டும் என்று 2025 ஒக்டோபரில் முன்மொழிந்தது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதற்குப் பெரிய ஆணையம் தேவையில்லை. பார்வைக் கட்டணம், தடுப்பூசி, கருத்தடை, ஒரு நாள் சேலைன் ஆகிய நான்கு விலைகளைச் சுவரில் ஒட்டினால் போதும்.

ஒட்டாத இடத்தில் நாமே கேட்கவேண்டும். நல்ல வைத்தியரை அடையாளம் காண்பதற்கு வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடிய முதல் வழியும் அதுவே. பணத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காதவரிடம் போங்கள். இந்த நோய்க்கு மொத்தம் எவ்வளவு ஆகும், அவ்வளவு முடியாதென்றால் குறைந்த செலவில் என்ன செய்யலாம், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்ற மூன்றுக்கும் பதில் சொல்கிறவர், அறையில் கருவி குறைவாக இருந்தாலும் நல்ல வைத்தியர். தன்னால் முடியாததைப் பேராதனைக்கு எழுதிக்கொடுத்து அனுப்புகிறவரும் நல்லவரே. நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான். ஹட்டனிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் என்பதால், எப்போது போகவேண்டும், எப்போது வேண்டாம் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய சேமிப்பு.

பதிவையும் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மிருக வைத்தியர்கள் சபையில் பதிந்தவரே வைத்தியர். சினை ஊசி போட வருகிறவரையும், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரையும் தோட்டத்தில் ‘மாட்டு டொக்டர்’ என்றே கூப்பிடுகிறோம். அவர்கள் செய்யும் வேலை பெரியது. ஆயினும் நோயை நிர்ணயிப்பதும் அறுவைச் சிகிச்சையும் அவர்களுடைய வேலையல்ல. மருந்துக் கடையில் நோயின் பெயரைச் சொல்லிக் கைக்கு வந்த அன்டிபயோட்டிக்கை வாங்கிக் கொடுப்பது இன்னும் மோசம். காய்ச்சல் என்று பூனைக்கு ஒரு பனடோல் கொடுத்தால் போதும், பூனை செத்துவிடும். பரசிட்டமோலைச் செரிக்கும் வல்லமை பூனையின் ஈரலுக்கு இல்லை. எத்தனை வீடுகளில் இது அன்பினால் நடந்திருக்கிறதோ.

மொழியையும் இங்கே சேர்த்துத்தான் பேசவேண்டும். மனித நோயாளி வலிக்கும் இடத்தைத் தொட்டாவது காட்டுவார். மாடும் நாயும் பேசாது. வளர்ப்பவர் சொல்வதே வைத்தியருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியம். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, சிறுநீர் எந்த நிறம் என்பதைத் தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு பெண் சொல்ல, அது புரியாத வைத்தியர் ஊகித்து மருந்து எழுதினால் காசும் வீண், உயிரும் வீண். தோட்டத் தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில் தமிழ் தெரிந்த வைத்தியரையோ, குறைந்தபட்சம் தமிழ் தெரிந்த உதவியாளரையோ நியமிக்கவேண்டும் என்று கேட்பதில் சலுகை எதுவும் இல்லை. மலையகப் பிள்ளைகள் அதிகம் பேர் பேராதனைப் பீடத்துக்குப் போகும் நாள்வரை இது அரசின் கடமை.

வீட்டளவில் செலவைக் குறைப்பது என்றால், நோய் வருமுன் செலவழிப்பதுதான் வழி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம்வரை இடைவெளி விட்டுப் போடும் பார்வோ தடுப்பூசிகளின் விலை, நோய் வந்தபின் ஆகும் செலவின் ஒரு சிறு பகுதியே. பெட்டை நாய்க்குக் கருத்தடை அதைவிட முக்கியம். யாரும் எடுக்காத பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலும் கோயிலடியிலும் விட்டுவருகிற வழக்கத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசு எடுத்த முடிவு சரியானது. ஆனால் கருத்தடை லயம்வரை வராததால் பெருகும் நாய்களின் சுமை சந்தைக்கும் கோயிலடிக்கும் மாறியிருக்கிறது.

இன்னொரு வழி தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் அரிது. மாதம் சிறு சந்தா வாங்கி, சாவு விழுந்த வீட்டுக்குக் கைகொடுக்கும் அந்த ஏற்பாட்டை நடத்தத் தெரிந்தவர்கள், மாடு நாய் வைத்திருக்கும் வீடுகளிடம் தனியாக ஒரு சந்தா பிரித்து, வைத்தியரை ஒரே நாளில் அழைத்து, போக்குவரத்துச் செலவை நாற்பது வீட்டுக்குப் பங்கிடலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சனங்கள் கூடிச் செய்வார்கள் என்று சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. தோட்டத்துச் சனத்தின் ஒற்றுமை எப்போதும் அரசின் செலவைக் குறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

நடமாடும் சேவைக்குப் பணம் எங்கே என்பார்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. இங்கே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியில்தான் தொடங்கியது. டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடமும் அந்த உதவியில் வந்து 2017இல் திறக்கப்பட்டது. மலையகத்துக்கென்று அடுத்த உதவிப் பட்டியல் தயாராகும்போது இரண்டு மூன்று மிருக வைத்திய வண்டிகளை அதில் சேர்க்க நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு என்ன தடை? தோட்டக் கம்பனிகளும் ஒன்று செய்யலாம். 1992 முதல் காணியை நிர்வகிப்பவர்கள் அவர்கள். வண்டி வரும் நாளில் பிரட்டுக்களத்தையும் தண்ணீரையும் கொடுத்து, மாட்டைப் பிடித்துவர எடுக்கும் அரை மணி நேரத்துக்குப் பெயரை வெட்டாமல் இருந்தால் போதும்.

2025 மே மாதத் தேர்தலில் பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்கள் தெரிவானார்கள். தோட்டத்துக்குச் செலவிட அவர்களுக்குச் சட்டத் தடை இப்போது இல்லை. நாய்ப் பதிவும் அவர்களுடைய அதிகாரம். செப்டெம்பர் 28 உலக நீர்வெறுப்பு நோய் தினத்தில் ஹட்டனில் மேடை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றுவதற்குப் பதிலாக, மாகாணத் திணைக்களத்தோடு உட்கார்ந்து ஓர் அட்டவணை தயாரிக்கட்டும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கொழுந்து மடுவத்தில் ஒட்டட்டும். சொன்ன திகதியில் வண்டி வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற தொலைபேசி எண்ணும் அந்தத் தாளிலேயே இருக்கவேண்டும்.