இளம் பேராசிரியருக்கும் அடியுரம் வேண்டும்

அடியுரம் இடாத வயலில், கதிர் வந்த பிறகு மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் பயனில்லை. இதைச் சிறு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். பெயர் பெற்ற விஞ்ஞானியை நிதி தேடி வருகிறது. புதிதாக வேலையில் சேர்ந்த பேராசிரியரோ கருவி வாங்க வழியின்றி, விண்ணப்பம் எழுதியே காலம் கழிக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டவர் டேவிட் பேக்கார்ட். ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனியை நிறுவிய இருவரில் ஒருவர். தம் கம்பெனியின் வளர்ச்சிக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சி பெரிதும் காரணம் என்று உணர்ந்தவர். அவரது குடும்ப அறக்கட்டளை 1988-ல் இளம் பேராசிரியர்களுக்கான உதவித்தொகையைத் தொடங்கியது. 50 பல்கலைக்கழகங்கள், பணியேற்று மூன்றாண்டுக்கு மேற்படாதவர்களில் தலா இருவரைப் பரிந்துரைக்கலாம். அவர்களில் சுமார் 20 பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் 5 ஆண்டுகளில் 8,75,000 டாலர் தருகிறார்கள். இன்னதற்கே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு மிகக் குறைவு.

1996-ல் இதைப் பெற்றவர்களுள் ஒருவர் ஜெனிபர் டவுட்னா. பயிரின் மரபணுவில் வேண்டிய இடத்தை மட்டும் நறுக்கித் திருத்தும் ‘கிரிஸ்பர்’ முறையை 2012-ல் சக விஞ்ஞானியுடன் வெளியிட்டு, 2020-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் கண்டுபிடிப்பு நேரே இந்தப் பணத்தில் வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒருவர் காலூன்றும் பருவத்தில் கிடைத்த உதவி அது. அதே முறையில் சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கிய ‘கமலா’ என்ற நெல்லை இந்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது. அதன் மகசூல் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. வயலில் பார்த்த பிறகே விவசாயி முடிவு கட்ட வேண்டும்.

கட்டுப்பாடின்றிக் கொடுத்தால் பணம் வீணாகாதா என்று கேட்கலாம். சிலருடைய ஆய்வு பலிக்காமல் போகத்தான் செய்யும். நாற்றங்காலில் தெளித்த விதையெல்லாம் முளைப்பதில்லை. அதற்காக யாரும் விதைப்பதை நிறுத்துவதில்லை. தேர்வில் கண்டிப்பு வேண்டும். தேர்ந்த பின் நம்பிக்கை வேண்டும்.

உவர் நிலமும் வறட்சியும் புதுப்புதுப் பூச்சிகளும் ஓராண்டுத் திட்டத்துக்குள் அடங்குபவை அல்ல. வேளாண் பல்கலைக்கழகங்களில் சேரும் இளம் ஆசிரியர்களுக்கு ஐந்தாண்டுக் காலமும், தடையில்லா நிதியும், துணிந்து முயலும் உரிமையும் கிடைக்க வேண்டும். கொள்முதல் விலைக்காகக் குரல் கொடுக்கும் விவசாயிகள் சங்கங்கள் இதற்காகவும் குரல் கொடுப்பது நல்லது. நாளைய விதை இன்றைய இளம் ஆய்வாளரின் கையில்தான் இருக்கிறது.