பனிக்காலத்தில் ஒளிந்திருக்கும் சித்திரை வானம்

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு மாறுதல் உண்டாகிறது. முற்றத்தில் கிடந்த கயிற்றுக் கட்டில் தாழ்வாரத்துக்கும், அங்கிருந்து கூடத்துக்கும் படிப்படியாகப் பின்வாங்குகிறது. கார்த்திகையில் கதவு சாத்தப்படுகிறது; மார்கழியில் ஜன்னலும் சாத்தப்படுகிறது. "தலையில் பனி இறங்கும்" என்ற ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் பாட்டிமார்கள் குடும்பம் முழுவதையும் கூரைக்குக் கீழே சிறை வைத்துவிடுகிறார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி வேறு அவர்களுக்குத் துணை நிற்கிறது.

இந்தச் சிறைவாசம் நாட்றாம்பாளையம் பக்கத்தில் சற்றுக் கடுமையானது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லை நோக்கி இறங்கும் மலைச் சாலையில் இருக்கிறது இவ்வூர். கர்நாடக எல்லை கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். இதே மலைத் தொடரில் வடக்கே உள்ள தளிக்குக் குளிர்ச்சியின் காரணமாகச் 'சின்ன இங்கிலாந்து' என்றே பெயர் உண்டு. மார்கழி மாதத்தில் இங்கே சூரியன் எழுந்து வெகு நேரம் வரையில் கேழ்வரகுக் கொல்லையும் காடும் மூடுபனிக்குள் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். மாலை 7 மணிக்கு மேல் தெருவில் மனித சஞ்சாரம் இராது. அப்படிப்பட்ட இரவுகளில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது நமக்கு ஓர் ஏக்கம் உண்டாகிறது. சித்திரை எப்போது வரும், மொட்டை மாடியில் பாயை விரித்து எப்போது மல்லாந்து படுப்போம் என்பதே அந்த ஏக்கம்.

கோடை இரவில் வானம் பார்ப்பது நமது ஜனங்கள் தாமாகவே கற்றுக்கொண்ட சாஸ்திரம். பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுப்பதற்கு வெகு காலம் முன்பே பாட்டி சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். வடக்கே ஸப்தரிஷி மண்டலம். அதன் வாலில் நடு நக்ஷத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மினுக்கென்று அருந்ததி. வால் வளைந்து போகிற வழியிலேயே கண்ணை ஓட்டினால் செம்பொன் நிறத்தில் ஸ்வாதி. இன்னும் சற்று ஓட்டினால் வெண்மையாய்ச் சித்திரை. நேரம் ஆக ஆக, தென்கிழக்கில் தேள் ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிவரும்; அதன் நெஞ்சில் சிவந்து எரிவது கேட்டை. நள்ளிரவில் புரண்டு படுக்கும்போது கண் விழித்தால் ஆகாச கங்கை பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் காசு கொடாமல் கிடைத்த கல்வி. விசிறி மட்டும் கையில் வேண்டும்.

இந்தக் கேட்டையும் சித்திரையும் பனிக்காலத்தில் எங்கே போய்விடுகின்றன என்று வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டால், "மேகம் மறைச்சிடுது, சார்" என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு அது ஓரளவு சரியான விடைதான். வடகிழக்குப் பருவக் காற்று கொண்டுவரும் மேகம் சில சமயம் வாரக்கணக்கில் வானத்தைக் காட்டுவதில்லை. ஆனால் முக்கியக் காரணம் மேகமன்று. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பதால், நமக்குச் சூரியன் ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு நக்ஷத்திரக் கூட்டத்தின் முன்னே நிற்பதாகத் தோன்றுகிறது. கார்த்திகை நடுவில் அவன் நிற்பது கேட்டையின் பக்கத்தில். அப்போது கேட்டை பகலிலேயே உதித்துப் பகலிலேயே அஸ்தமிக்கிறது. நாம் ஏங்குகிற கோடை வானம் முழுவதும் பட்டப்பகலில் நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. சூரிய வெளிச்சத்தில் தெரிவதில்லை, அவ்வளவே.

நமது மாதப் பெயர்களிலும் இந்தக் கணக்கு பதிந்து கிடக்கிறது. சித்திரை மாதத்துப் பௌர்ணமிச் சந்திரன் சித்திரை நக்ஷத்திரத்தின் அருகே நிற்கும். வைகாசியில் விசாகத்தின் அருகே. கார்த்திகையில் கார்த்திகையின் அருகே. பௌர்ணமிச் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரில் நிற்பதால், எந்த மாதத்துக்கு எந்த நக்ஷத்திரத்தின் பெயரோ, அது அந்த மாதத்தில் இரவு முழுவதும் தெரியும் என்று ஏற்படுகிறது. காலண்டரைக் கிழிக்கும் நேயர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்களோ!

இனி நமது ஏக்கத்துக்கு ஒரு வழி சொல்லுகிறோம். நக்ஷத்திரங்கள் ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிட ஏறக்குறைய 4 நிமிஷம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம் ஆயிற்று. நான்கு மாதத்துக்கு 8 மணி நேரம். ஆகவே வைகாசி மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு எந்த வானத்தைப் பார்ப்போமோ, அதே வானம் தை மாதப் பிறப்பில் விடியற்காலை 5 மணிக்கு நம் வாசலில் வந்து நிற்கிறது! மொட்டை மாடிக் காட்சி முழுவதும் பனிக்காலத்திலேயே இருக்கிறது. பார்க்க வேண்டிய நேரந்தான் வேறு. மார்கழியில் பஜனைக்குப் போகிறவர்களும், கோலம் போட எழுந்திருக்கும் பெண்மக்களும் அதன் அடியிலேயே நடமாடுகிறார்கள். கோலம் போடுகிறவர்கள் தரையைப் பார்ப்பது நியாயமே. பஜனைக்குப் போகிறவர்களாவது சற்றுத் தலையை நிமிர்த்தலாம்.

பொங்கலை ஒட்டிய ஒரு நாள் 5 மணிக்கு வெளியே வந்தால் என்ன தெரியும்? உச்சிக்குச் சற்றுக் கிழக்கே சித்திரை. அதற்கு வடகிழக்கே ஸ்வாதி. வடவானில் ஸப்தரிஷிகள் உச்சியைத் தாண்டி மேற்கே சரியத் தொடங்கியிருப்பார்கள். தென்கிழக்கில் கேட்டை சிவந்து நிற்கும். நேர் தெற்கே, தொடுவானத்துக்கு மேல் 18 பாகை உயரத்தில், நான்கு நக்ஷத்திரங்கள் சிலுவைபோல் நிமிர்ந்து நிற்கும். அதுதான் நம்மவர் திரிசங்கு என்று சொன்ன தென் சிலுவை. இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் ஆயுள் முழுவதும் இருந்தாலும் இதைக் காண முடியாது. நாட்றாம்பாளையத்துக்குத் தெற்கே காவிரிக் காடு இருக்கிறதே தவிர, பெரிய பட்டணம் அருகில் எதுவும் இல்லை. ஆகையால் மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால் திரிசங்கு தெளிவாகத் தெரியும்.

இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கும் தைரியசாலிகளுக்கு வேறொரு வேடிக்கையும் உண்டு. வேட்டைக்காரனைத் தேள் கொட்டிக் கொன்றதாகவும், அதனால் வானத்தில் தேள் உதிக்கும்போது வேட்டைக்காரன் மறைந்துவிடுவதாகவும் கிரேக்கர்கள் கதை கட்டினார்கள். கிரேக்க நாட்டில் அது ஏறக்குறைய உண்மை. நாமோ பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், கிழக்கே கேட்டை உதித்த பிறகும் வேட்டைக்காரனின் தோளாகிய திருவாதிரை மேற்கே ஒரு மணி நேரம் வரையில் தங்கி நிற்கிறது. நம் ஊரில் இருவருக்கும் பகை அவ்வளவு முற்றவில்லை போலும்!

திருவாதிரை என்றதும் பனிக்கால வானத்தின் மாலைப் பகுதியைப் பற்றியும் சொல்லாவிட்டால் அநியாயமாகும். பிரகாசமான நக்ஷத்திரங்களில் பலவும் கூட்டமாய் நிற்பது தை, மாசி மாத முன்னிரவில்தான். ஆறாமீன் கூட்டம், ரோகிணி, திருவாதிரை, வானத்திலேயே மிகப் பிரகாசமான லுப்தகன், தெற்கே அகஸ்தியர், எல்லாம் ஒரே சமயத்தில் தெரியும். 2019-ஆம் வருஷக் கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரையில் திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கிப்போயிற்று. வெடித்துச் சிதறப் போகிறது என்று உலகமெங்கும் பரபரப்பு. நக்ஷத்திரமே கக்கிய தூசிப் படலம் அதை மறைத்தது என்று பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிய நமக்கு இந்தச் சமாசாரம் பத்திரிகை வாயிலாகவே தெரிந்தது.

நம்மவர் வானம் பார்த்ததே இல்லை என்று எண்ண வேண்டாம். சென்னை நக்ஷத்திர சாலையில் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் தென்வானத்தில் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்றபோது, பாமரரும் விளங்கிக்கொள்ளும்படி தமிழ் உள்ளிட்ட நாட்டு மொழிகளில் சிறு புஸ்தகம் எழுதி வெளியிட்டார். இங்கிருந்து கிழக்கே, சற்று வடக்காக, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்து 1968-இல் அங்கே வேலை தொடங்கினார். 1972-இல் வியாழனின் சந்திரனாகிய கானிமீடுக்கு வாயு மண்டலம் இருப்பதற்கான அடையாளம் அங்கே கிடைத்தது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்ட கூட்டு முயற்சியில் காவலூருக்கும் பங்கு உண்டு. பாப்பு 1982-இல் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வேலைக்கு வந்து, அந்த ஸ்தாபனமும் அவர் பெயரைத் தாங்கிற்று. காட்டு நடுவே இருட்டு கெட்டியாக இருந்தது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கொண்டுபோய் மலைமேல் வைத்தார்கள்.

அந்த இருட்டைப் பற்றித்தான் நமக்கு இப்போது கவலை. நாட்றாம்பாளையத்தில் துருவ நக்ஷத்திரம் தொடுவானத்துக்கு மேல் 12 பாகைதான் நிற்கும். அதே வடதிசையில்தான் ஓசூர்த் தொழிற்பேட்டையும், அதற்கு அப்பால் பெங்களூரும் இருக்கின்றன. இரவில் வடக்கே நோக்கினால் விடியாமலே விடிந்ததுபோல் ஒரு வெளுப்பு வானத்தின் அடியில் பரவி நிற்கிறது. பனித்துளிகள் நிறைந்த காற்றில் அது இன்னும் அதிகமாய்த் தெரிகிறது. துருவன் அதில் முழுகிக்கொண்டிருக்கிறான். தகப்பன் மடியில் இடம் கிடைக்காத அந்தக் குழந்தைக்கு வானத்தில் கிடைத்த இடத்திலும் இப்போது இடைஞ்சல் வந்துவிட்டது.

இது நம் ஊர்க் குறை மாத்திரமன்று. 2011 முதல் 2022 வரையில் பல தேசத்துப் பொதுஜனங்கள் வெறுங்கண்ணால் நக்ஷத்திரங்களைப் பார்த்து அனுப்பிய 51,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, 2023-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 10 வீதம் கூடி வருகிறதாம். 250 நக்ஷத்திரம் தெரிகிற இடத்தில் பிறக்கும் குழந்தை, 18 வயது ஆகும்போது 100-தான் காண்பான். குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை. இருந்தாலும் நம் வடதிசையைப் பார்த்தால் அந்தக் கணக்கை அலட்சியம் செய்யத் தோன்றவில்லை. இந்திய சர்க்கார் லடாக்கிலுள்ள ஹான்லேயை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் இருட்டைப் பார்க்க நமது பிள்ளைகள் ஹான்லேக்குப் போக முடியுமா?

'விளக்கை அணையுங்கள்' என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் இந்த மலைப்பக்கத்தில் அப்படி எழுதப் பேனா கூசுகிறது. ஐப்பசி முதல் மாசி வரையில், கேழ்வரகு முற்றும் காலத்தில், பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களுக்கு வருகின்றன. நாம் கம்பளிக்குள் இருந்துகொண்டு நக்ஷத்திரத்துக்காக ஏங்கும் அதே பனி இரவில், குடியானவன் பரண்மேல் உட்கார்ந்து வருஷம் முழுவதற்குமான சாப்பாட்டைக் காவல் காக்கிறான். காவலில் உயிர் இழந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காவற்காரப் பெரியவர் ஒருவரிடம், "ராத்திரி முழுவதும் வானத்தின் அடியிலேயே இருக்கிறீர்களே, நக்ஷத்திரமெல்லாம் தெரியுமா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"நாங்க எங்கீங்க மேலே பாக்கறது, வாத்தியாரையா? யானை கீழேயில்ல வருது!" என்றார் அவர். சிறிது நேரம் கழித்து, "ஆறாமீன் மேக்கே எறங்கிட்டா மூணு மணின்னு மட்டும் தெரியும். அதுக்கப்புறம் ஒரு பீடி பத்த வெப்பேன்" என்றும் சொன்னார்.

தை மாதப் பிறப்பில் ஆறாமீன் அஸ்தமிப்பது சுமார் 3 மணிக்குத்தான். நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்; பெரியவர் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது.

இந்தப் பெரியவர் ஊர்க் கோடியில் உயர்கோபுர மின்விளக்கு கேட்கிறார். அவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். அந்த விளக்கின் ஒளி தரையில் விழுந்தால் யானையும் தெரியும், வானமும் பிழைக்கும். அதற்கு விளக்கின் மேல் ஒரு மூடியும், தலைகீழாய்ப் பார்க்கும் முகமும் போதும். கூடுதல் மின்சாரம் ஒரு யூனிட் கூட வேண்டாம். வானத்தைக் கெடுப்பது பரண் பக்கத்து விளக்கன்று. யாரும் நடமாடாத தொழிற்சாலை மதிற்சுவரிலும், நள்ளிரவுக்குப் பின் வாங்குவோர் இல்லாத கடைகளின் விளம்பரப் பலகையிலும் மேல்நோக்கி எரிந்துகொண்டிருப்பதுதான். அதற்குக் காசு கொடுக்கிறவர்களுக்கும் அதனால் பலன் இல்லை. ஓசூர்ப் பக்கத்து முதலாளிகள் கணக்குப் புஸ்தகத்தில் கெட்டிக்காரர்கள் என்று கேள்வி. மேலே போகிற வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் மின்சார பில் வருகிறது என்பதை அவர்கள் கவனிப்பார்களாக.

மாசி நடுவில் அதே விடியற்காலை 5 மணிக்குத் தேள் தெற்கே உயர வந்து, அதன் வாலுக்குப் பின்னே ஆகாச கங்கையின் அடர்ந்த பகுதியும் எழுந்துவிடும். பார்க்க விரும்பும் நேயர்கள் தேய்பிறையின் கடைசி நாட்களாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெளியே வந்து, விளக்குப் பார்க்காமல், கால் மணி நேரமாவது கண்ணை இருட்டில் பழக்க வேண்டும். தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டால் பாட்டிமார்களின் ஆட்சேபமும் தீர்ந்துவிடும். நமது பக்கத்து நேயர்கள் மாத்திரம் இதற்காகக் கொல்லைப் பக்கம் போக வேண்டாம். மொட்டை மாடியே போதும்.