அந்தக் கடிதத்தை எழுதியது யார்?

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் பெயரையும் பதவியையும் இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உங்கள் மேசைக்கு வந்த மனுக்களை எழுதியவன் நான்தான். சட்டப்பிரிவு, அரசாணை எண் எதையும் இந்த மடலில் தேட வேண்டாம். அவற்றில் எனக்கே பாடம் எடுக்கக்கூடியவர் நீங்கள். ஒரே ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியைப் பூட்டியபோது அவன் நான்காம் வகுப்பு. 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தபோது ஆறாம் வகுப்பு. இடையில் படித்தது ஒன்றுமில்லை. வீட்டிலிருந்த ஒரே செல்போன் காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை. அவன் ஏழில் இருந்தான். 2025-இல் ஆறிலிருந்து ஒன்பதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 'திறன்' வந்தது. அதற்குள் அவனை வெளியே அனுப்பியாயிற்று. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. எல்லாமே அவனுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விட்டன.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த கையோடு அவன் அம்மாவை வரச்சொன்னார்கள். "பத்தாவது இவனுக்குத் தாங்காதும்மா. இங்க இருந்தா ஃபெயில்தான். டிசி வாங்கிட்டு எங்கயாவது தொழில் கத்துக்க விடுங்க." மேசைமேல் வெள்ளைத்தாளில் கடிதம் தயாராக இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தன் மகனின் மாற்றுச் சான்றிதழைச் சொந்த விருப்பத்தின்பேரில் பெற்றுக்கொள்வதாக அந்த அம்மாவே எழுதியதுபோல. நீல மை, முத்து முத்தான கையெழுத்து. அந்த அம்மா எழுதியது கீழே இருக்கும் கோணல்மாணலான பெயர் மட்டும். நான்கு வருடத்தில் அவனைத் தமிழில் நாலு வரி எழுதவைக்க முடியாத பள்ளி, அவனை அனுப்பிவைக்கும் கடிதத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட விடவில்லை.

மனு கொடுத்தோம். 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பினீர்கள். யாருக்கு? அதே தலைமை ஆசிரியருக்கு! அவரும் தன்னைத்தானே தீர விசாரித்து, பெற்றோரின் விருப்பத்தின்பேரிலேயே சான்றிதழ் வழங்கப்பட்டது என்று அறிக்கை தந்தார். ஆதாரம் அந்த நீல மைக் கடிதத்தின் நகல். மனு முடித்துவைக்கப்பட்டது என்று எனக்குப் பதில் வந்தது.

அவன் பெயர் இப்போது எமிஸ் என்னும் மாணவர் பதிவுத் தளத்தில், காமன் பூலில் கிடக்கிறது. எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் கிடக்கும் இடம். அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. திறந்து பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. ஆதியில் பாதாளத்துக்குப் போன பூமியையே தேடி மேலே கொண்டுவந்த பூவராக சுவாமி குடியிருக்கும் ஊர் இது. காமன் பூலுக்குள் போன ஒரு பையனை மேலே கொண்டுவர நாங்கள் யாரைக் கும்பிடுவது?

அந்தப் பள்ளி பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. அதற்காக நீங்கள் போர்த்திய சால்வை தலைமை ஆசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டோவாகத் தொங்குகிறது. 2017-இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். நிறுத்தியது பிள்ளைகளுக்கு மட்டும்தான். பள்ளிக்குப் பள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் சதவீதப் பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னத்தில் பகுதியைக் குறைத்தால் மதிப்பு கூடும். கணக்கு வராத பையனை வைத்தே பள்ளி அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது.

கடிதம் எழுதிய ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. தேர்ச்சி குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்பது நீங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனோடு மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த ஆசிரியருக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டமாவது உண்டா? தானாகப் படித்துக்கொள்ளும் பிள்ளைக்கு வாத்தியார் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. படிப்பு வராத பிள்ளைக்காகத்தான் அந்த உத்தியோகமே. அந்தப் பிள்ளையைச் சுமை என்று நினைக்க ஆசிரியர்களைப் பழக்கியது யார்? அந்தக் கடிதத்தைக் கைப்பட எழுதியவர் அந்த ஆசிரியர். சொல்லச் சொல்ல எழுதவைத்தது நீங்கள்.

1967-இல் இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், பள்ளிகள் கைவிட்ட ஏழைப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு ஒரு புத்தகம் அளவுக்குக் கடிதம் எழுதினார்கள். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அவர்களை உட்காரவைத்து எழுதப் பழக்கியிருந்தார். நம் பையனால் எழுத முடியாது. அதனால் நான் எழுதுகிறேன். மரியாதை குறைந்திருந்தால் அவன் சார்பில் குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அகல்விளக்குகளுக்குப் பிசிறு சீவுகிறான். சுடுவதற்கு முன்னால் உடைந்ததை அங்கே யாரும் எறிவதில்லையாம். தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து, மறுபடி அச்சில் ஊற்றுவார்களாம். அவன்தான் சொன்னான், வேலை தெரிந்த பெருமையோடு. மண்ணுக்குக் கிடைக்கிற அந்த இரண்டாம் வாய்ப்பை நீங்கள் இவனுக்குத் தரவில்லை.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போகும் முன் அவனை அதே பள்ளியில், பத்தாம் வகுப்பில் உட்காரவையுங்கள். ஃபெயிலானால் ஆகட்டும். அவனுக்குத் தோற்கவாவது உரிமை உண்டு. உங்கள் நூறு தொண்ணூற்றெட்டானால் மாவட்டம் கவிழ்ந்துவிடாது.

இந்த மடலையும் 'உரிய நடவடிக்கைக்காக' அந்தத் தலைமை ஆசிரியருக்கே அனுப்பத் தோன்றும். தபால் செலவு வேண்டாம். ஒரு நகலை நானே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்,
ஸ்ரீமுஷ்ணம்