தலைநகரம் கப்பலுக்கா, ஜனத்துக்கா?

போன மாசம் சென்னையிலிருந்து மலை சுத்திப்பார்க்க வந்த ஒரு தம்பி என்கிட்ட மிளகு வாங்கினார். "70 கொண்டை ஊசி வளைவு, தலை சுத்திருச்சுங்கய்யா" என்றார். ஒரு மனுவுக்காக அதே வளைவுகள்ல இறங்கி, நாமக்கல் போய், ராத்திரி பஸ் பிடிச்சு உங்க ஊருக்கு வர்றோமே, அது யாருக்குத் தெரியுது?

எங்க ஓடைக்கு ஒரு தரைப்பாலம் கேட்டோம். கீழே விசாரிச்சா "ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு" என்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் நானும் வேலையைப் போட்டுவிட்டு அங்கேயும் போனோம். "அதிகாரி மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க." தங்க இடமும் இல்லை, காசும் இல்லை. திரும்பிட்டோம்.

1639-ல் வெள்ளைக்காரன் அந்தக் கடற்கரையில் இடம் பிடிச்சது கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்க. நம்ம குறை கேட்க இல்லை. ஆந்திராவும் சேர்ந்திருந்த மதராஸ் மாகாணத்துக்கு அந்த ஊர் ஓரளவு நடுவில் இருந்தது. 1953-ல் ஆந்திரா பிரிஞ்சதும் வடகோடி மூலையாகிவிட்டது. கன்னியாகுமரிக்காரர் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வரணும். ஆனால் சட்டசபையும் தலைமைச் செயலகமும் இன்னும் வெள்ளைக்காரன் கட்டின அதே கோட்டைக்குள்ளதான்.

1980-களில் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாத்தணும் என்றார். நடக்கலை. நானும் எல்லாத்தையும் மாத்தச் சொல்லலை. 2004-ல் உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் கிளை வந்ததே, வானம் இடிஞ்சா விழுந்தது? தென்மாவட்டத்து ஜனம் வழக்குக்காகச் சென்னைக்கு அலையறது குறைஞ்சது. அதே மாதிரி விவசாயம், வனம், பழங்குடியினர் நலம் இதுக்கெல்லாம் தலைமை அலுவலகம் திருச்சியிலோ சேலத்திலோ இருந்தா என்ன கெட்டுப்போகும்?

"இப்ப எல்லாம் ஆன்லைன்தானே" என்பீர்கள். மனு ஆன்லைன்ல போகுதுங்க. முடிவு பண்ற ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கார். ஓடையை அவர் பார்த்ததே இல்லை.

இது உங்களுக்கும் நல்லதுதான். 2015-ல் வெள்ளத்தில் தவிச்சீங்க. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்துதான் குடிச்சீங்க. அந்த ஊர் மேல இன்னும் எத்தனை பாரம் ஏத்துறது?

நாங்க கேட்டா மூலையில் கேட்கிற குரல். தலைநகரத்துல இருக்கிற நீங்க கேளுங்க. இந்த மழைக்கும் எங்க பிள்ளைங்க ஓடைத் தண்ணியில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகுதுங்க.