மிதிவண்டியை விட்டு இறங்கச் சொல்லும் தெருக்கள்

காலை எட்டேகால் மணி. பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், அரசு வழங்கிய மிதிவண்டியில் காலனியிலிருந்து புறப்படுகிறார். காலனிச் சாலை முடிந்து ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதற்குச் சற்று முன்பாகவே அவர் வண்டியை விட்டு இறங்குகிறார். தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டே நடக்கிறார். மறுமுனையில் மீண்டும் ஏறி மிதிக்கிறார். யாரும் அவரை மறிக்கவில்லை. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “ஏம்மா இறங்கிட்ட?” என்று கேட்டோம். “எங்க அண்ணனும் இங்க இறங்கித்தான் போவாரு. அப்படியே பழகிருச்சு சார்” என்றார்.

வழக்குப் பணிக்காக நாம் செல்லும் கிராமங்களில் இக்காட்சி புதிதன்று. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மாணவி நாளையும் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

இந்தியக் குற்றவியல் சட்டங்களில் மிதிவண்டியின் பெயரைச் சொல்லி ஓர் உரிமையைப் பாதுகாக்கும் பிரிவு ஒன்று உண்டு என்பது நம் மாணவத் தோழர்கள் பலருக்கே தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பொதுச் சாலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும், பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்ட விடாமல், காலணியோ புத்தாடையோ அணிய விடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அத்துடன் அபராதம்.

இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் மிதிவண்டியையும் செருப்பையும் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது ஏன்? அவை மறுக்கப்பட்ட வரலாறு அவ்வளவு நீண்டது. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றதே ஒரு கலகமாகப் பார்க்கப்பட்டது. 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். குடையும் செருப்பும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. வெயிலுக்கும் முள்ளுக்கும் ஆனவை. நம் உடல் வசதியாக நடமாடுவதே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. மிதிவண்டி அந்தப் பட்டியலில் பின்னர் வந்து சேர்ந்தது. அதில் ஏறியவர் திண்ணையில் அமர்ந்திருப்பவரைவிட உயரத்தில் இருக்கிறார். நின்று வணங்காமல் கடந்து போகிறார். வேலைக்கு வேறு ஊர் தேடிப் போகவும் அதுவே உதவுகிறது. கடைசியாகச் சொன்னதே ஆதிக்கத்தின் உண்மையான அச்சம்.

மிதிவண்டி ஏழையின் வாகனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 44.8 விழுக்காடு குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி 21 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளப் பெண்களும் ஏளனங்களைத் தாண்டி ஓட்டப் பழகினர். தமிழ்நாட்டின் விலையில்லா மிதிவண்டித் திட்டம்கூட 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கென்றே தொடங்கப்பட்டது. பின்னர்தான் எல்லாச் சமூகத்து மாணவர்களுக்கும் விரிந்தது. வண்டியைக் கொடுத்த அரசு, அதை ஓட்டிச் செல்லும் தெருவைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்றைய தடை அறிவிப்புப் பலகை வைத்துச் செயல்படுவதில்லை. தெருவுக்குக் குறுக்கே ஒரு பைக் நிறுத்தப்படும். பள்ளி வாசலில் நிற்கும் வண்டியின் காற்று பிடுங்கிவிடப்படும். “உன் மகன் ரொம்ப வேகமாப் போறான், சொல்லி வை” என்று வயலில் கூலி வேலை செய்யும் தந்தையிடம் ஒரு வார்த்தை போகும். கூலி கொடுப்பவரின் வாயிலிருந்து வரும்போது அது அறிவுரை அன்று, மிரட்டல். மறுபுறம், ஆதிக்கச் சாதி மாணவர்களின் மிதிவண்டியே சாதி அடையாளத்தைச் சுமந்து வருகிறது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறுகளோடு, சாதியைக் குறிக்கும் வண்ணம் பூசிய மிதிவண்டிகளையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒரே தெருவில் ஒரு வண்டி சாதிக் கொடியாக ஓடுகிறது. இன்னொரு வண்டி தள்ளிக்கொண்டு போகப்படுகிறது.

இப்புகாரோடு காவல் நிலையம் சென்றால் வரும் முதல் கேள்வி, “அடிச்சாங்களா?” என்பதே. காயம் இல்லையெனில் மனு ரசீதோடு அனுப்பிவிடுவர். அல்லது சமாதானக் கூட்டம் என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைப்பர். சட்டமோ காயத்தைக் கேட்கவில்லை. “எவ்வகையிலேனும்” தடுப்பது என்றே அப்பிரிவு சொல்கிறது. 2018இல் சேர்க்கப்பட்ட பிரிவு 18ஏ, முதல் தகவல் அறிக்கை பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவைச் செல்லத்தக்கதென்று உறுதி செய்தது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியலினத்தவரல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்கப் பிரிவு 4 இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு மெய்யான சிக்கல் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குற்ற வழக்குக்கு ஓர் எதிரியும் ஒரு செயலும் வேண்டும். பைக்கைக் குறுக்கே நிறுத்தியவர், தந்தையை மிரட்டியவர் என்றால் பெயர் சொல்ல முடியும். யாரும் எதுவும் சொல்லாமலேயே இறங்கி நடக்கும் அந்த மாணவியின் வழக்கில் யாரை எதிரியாக்குவது? அண்ணன் காலத்தில் மிரட்டியவர் யாரென்று அவருக்கே தெரியாது. அச்சம் மட்டுமே மிச்சமிருக்கும் இத்தகைய தெருக்களில் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் கண்டு முன்தடுப்பு நடவடிக்கை எடுக்க விதி 3 கடமைப்படுத்துகிறது. ஊரே சேர்ந்து இழைக்கும் குற்றத்துக்குக் கூட்டு அபராதம் விதிக்கவும் பிரிவு 16 வழி செய்கிறது. 2016இல் திருத்தப்பட்ட விதிகள், மிதிவண்டி ஓட்டத் தடுக்கப்பட்டவருக்கு நிவாரணமாக ஒரு லட்சம் ரூபாயை மட்டும் சொல்லி நிற்கவில்லை. அவ்வுரிமையை அரசே மீட்டுத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன.

உரிமையை மீட்டுத் தருவதற்குப் பதிலாக நிர்வாகம் முன்வைக்கும் தீர்வு ஒன்று உண்டு: மாற்றுப் பாதை. “பிரச்சினை எதற்கு? ஏரிக்கரை வழியாகத் தனிச் சாலை போட்டுத் தருகிறோம்” என்பார்கள். கேட்பதற்கு வளர்ச்சித் திட்டம் போல் இருக்கும். இந்தத் தந்திரம் நூறாண்டுப் பழையது. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் 1925இல் முடிவுக்கு வந்தபோது, கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று பக்கங்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன; கிழக்குப் பக்கம் சாதி இந்துக்களுக்கென்றே நிறுத்திக்கொள்ளப்பட்டது. உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரில் ஒரு திறப்பு உண்டாக 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலனிக்குத் தனிச் சாலை என்பது சுவரைக் கிடைமட்டமாகப் படுக்க வைப்பதுதான். காலனிக்குச் சாலை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். புதுச் சாலை வரட்டும். அது பழைய தெருவுக்கு ஈடாக வரக் கூடாது.

சுற்றுப்பாதையின் விலையை மிதிப்பவரே தருகிறார். ஊர்த்தெருவைத் தவிர்த்தால் பெரும்பாலும் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். அங்கே மிதிவண்டிக்கென ஒதுக்கிய ஓரம் இல்லை; மாலை சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும்போது விளக்கும் இல்லை; மணல் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. இடித்துவிட்டு நிற்காமல் போகும் வாகனத்தால் நேரும் மரணத்துக்கான இழப்பீடு, 2022 ஏப்ரலில் இரண்டு லட்சமாக உயர்த்தப்படும் வரை வெறும் 25,000 ரூபாயாக இருந்தது. அத்தகைய விபத்து ஏட்டில் சாலை விபத்தாகவே பதியப்படும். அவர் ஏன் அந்தச் சாலைக்குத் தள்ளப்பட்டார் என்பது எந்த ஆவணத்திலும் இடம்பெறாது.

எனவே அந்த ஆவணத்தை நாமே உருவாக்க வேண்டும். கல்லூரித் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் ஊரின் வரைபடத்தை வரையுங்கள். காலனியிலிருந்து பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நேர்வழி எது, நம் மக்கள் போகும் வழி எது, எந்த இடத்தில் வண்டியை விட்டு இறங்குகிறார்கள் என்று குறியுங்கள். மிரட்டல் ஏதும் நடந்திருந்தால் தேதியையும் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அவ்வரைபடத்தை மனுவாக வையுங்கள். பிள்ளைகளைத் தனியாக ஓட்டிப் பார்க்கச் சொல்லாதீர்கள். சோதனைக்கு அவர்கள் உடலைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. ஓட்டுவதானால் அமைப்பாகச் சேர்ந்து, காவல் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ஓட்டுவோம்.

அந்தத் தெருவின் நீளம் முந்நூறு அடி இருக்கலாம். மிதித்தால் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். தன் வண்டியில் அமர்ந்தபடியே அம்மாணவி அதைக் கடக்கும் காலை வரும் வரை, பிரிவு 3(1)(இசட்ஏ) காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.