ஏரி காப்பதும் தமிழ்ப்பணியே!

தமிழர்களே! 2015 திசம்பர் முதல்நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. நான்காண்டு நிறைவுறுமுன், 2019 சூலையில், சோலையார்பேட்டையினின்று சென்னைக்குத் தொடர்வண்டியில் குடிநீர் வந்தது! வெள்ளத்தில் மிதந்தோரே விடாயில் தவித்தனர். புவி வெப்பமுறுந்தோறும் இவ்விரு கேடுகளும் பெருகும் என்கின்றனர் அறிவியலார். இரண்டுக்கும் ஏரியே அரண்.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியம் அங்கு ஏரியைப் பேணிற்று. இன்றோ, எல்லாம் அரசே செய்க என்று கைகட்டி நிற்கின்றோம். நாம் எறியும் ஞெகிழிப்பையை எந்த அரசு எறிந்தது?

மதகு, கலங்கல், வாய்க்கால் என்னும் தூய தமிழ்ச்சொற்களைப் போற்றுகின்றோம். அப்பொருள்களையே குப்பையில் புதைத்துவிட்டால் அச்சொற்கள் எங்கு வாழும்? அகரமுதலியில் மட்டுமா?

இரும்புலியூர் இளைஞர்களே! திங்களுக்கொரு காலைப்பொழுதேனும் ஏரிக்கரைக்கு வாருங்கள், குப்பை அகற்றுங்கள், வாய்க்காலைத் தூர்வாருங்கள். கூரைநீரை நிலத்துள் இறக்குங்கள். துணிப்பையோடு கடைக்குச் செல்லுங்கள். மேடையில் முழங்கிய வாய்கள் போதும். மண்வெட்டி ஏந்தும் கைகளே இனி வேண்டும்!