முகத்துல ஏன்பா புள்ளிக் கோலம்?

காசிமேட்டுல வலை சரி பண்ணிக்கிட்டிருந்த ஒரு தாத்தாவை ஒரு நாள் காலையில படம் எடுத்தேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "மாட்டி வைக்கிற மாதிரி ஒரு படம் போட்டுக் குடு நைனா. இருந்ததெல்லாம் 2023 டிசம்பர் வெள்ளத்துல ஊறிப் போச்சு."

வீட்டு இங்க்ஜெட்ல, பளபளா பேப்பர்ல, ஏ4 சைஸுக்குப் போட்டேன். நேரா பார்த்தா அட்டகாசம். கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாசல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்துட்டு, "இன்னாபா, எனக்கு அம்மை போட்டிருக்கா?"ன்னார். நெற்றியில ஆரம்பிச்சு தாடை வரைக்கும் ஊசியால குத்தின மாதிரி புள்ளி வரிசை. பக்கத்துலயே இன்னொரு வரிசை. அசடு வழிஞ்சுக்கிட்டே படத்தைத் திரும்ப வாங்கிட்டு வந்தேன்.

உங்க விஸ்காம் ப்ராஜெக்ட்லயும் இந்தப் புள்ளி விழுந்திருக்கா? அப்போ மேல படிங்க பாஸ்.

பிரிண்டரைத் திறந்து, பேப்பர் வெளியே வர்ற பக்கம் டார்ச் அடிங்க. குட்டி குட்டியா பல் வச்ச சக்கரங்கள் வரிசையா இருக்கும். பீட்சா வெட்டுற உருளை மாதிரி இருக்கறதால இதுக்குச் செல்லப் பேரே 'பீட்சா வீல்'. ஈர மை மேல முழு ரப்பர் உருளை ஏறினா படம் இழுவிடும். அதனாலதான் முனை மட்டும் தொடுற மாதிரி சக்கரம் வச்சாங்க. சாதாரண பேப்பர்ல தடமே தெரியாது. பளபளா பேப்பர் மேல மையைக் குடிக்கறதுக்குன்னே ஒரு பூச்சு இருக்கு. வயிறு முட்டக் குடிச்ச நேரத்துல அது இளகிக் கிடக்கும். அப்போ சக்கரம் ஏறினா, குழிதான்!

இது உலகம் பூரா இருக்கிற பிரச்னைதான். ஆனா நம்ம ஏரியாவுல கொஞ்சம் ஓவர். ஏன்னா, நாம எடுக்கறது எல்லாமே கறுப்புப் படம். 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி, எர்ணாவூர் கரையில பக்கெட் பக்கெட்டா எண்ணெய் அள்ளினாங்களே, அந்தப் படங்களை நினைச்சுப் பாருங்க. 2023-ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பூசின படகுகள், ராத்திரி துறைமுகம், நிலக்கரி மேடு... எல்லாமே இருட்டு. இருட்டான இடத்துலதான் மை அதிகமா இறங்கும். மை அதிகம்னா ஈரம் அதிகம், தடமும் அதிகம். கறுப்பு மேல குழி பளிச்சுனு வேற தெரியும்.

அடுத்தது கடல் காத்து. பேப்பருக்குப் பிடிச்ச ஈரப்பதம் 40-லருந்து 60 சதவீதம். நம்ம பக்கம் காலையில 80-ஐத் தொடுறது சர்வ சாதாரணம். பிரிச்சுப் போட்ட பேப்பர் பாக்கெட் ரெண்டே நாள்ல நமத்த அப்பளம்தான். நெளிஞ்ச பேப்பர் உள்ளே போனா மேடான இடம் மை தெளிக்கிற ஹெட்ல உரசும்.

அதனால முதல்ல வியாதி எதுன்னு கண்டுபிடிங்க. பேப்பர் ஓடுற திசையிலேயே புள்ளி வரிசை நேரா போனா, சக்கரம். ஓரத்துல, மூலையில குறுக்கே மைக் கறை இழுத்திருந்தா, ஹெட் உரசல். சந்தேகமா இருந்தா நான் பண்ற ஒரு டெஸ்ட்: ஒரே ஒரு புள்ளி மட்டும் வச்ச ஃபைலை போட்டோ பேப்பர்ல பிரிண்ட் கொடுங்க. கிட்டத்தட்ட வெள்ளைத் தாளா வெளியே வரும். டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. அதுலயும் குழி இருந்தா சக்கரத்தோட அழுத்தம்தான் காரணம். அந்தப் பேப்பரையே மாத்திடுங்க. குழி இல்லைன்னா குற்றவாளி மை.

எனக்கு மைதான். விலை கம்மின்னு வாங்கின பேப்பருக்கு டிரைவர்ல உசத்தியான க்ளாஸி பேப்பர்னு செட்டிங் கொடுத்திருந்தேன். அந்தப் பேப்பர் தாங்குற அளவைவிட அதிகமா மையைக் கொட்டிட்டிருக்கு. நம்மாளுங்க நிறைய பேர் பண்ற தப்பு இதுதான்: 'பெஸ்ட்'னு எழுதியிருக்கறதையெல்லாம் தட்டுறது! பேப்பர் கவர் மேல என்ன செட்டிங் சொல்லியிருக்கோ அதைக் கொடுங்க. அப்பவும் ஊறினா ஒரு படி கம்மியா மை இறங்குற பேப்பர் வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க.

ஹெட் உரசலுக்கு மருந்து வேற. எப்ஸன்ல பல மாடல்ல 'திக் பேப்பர்'னும், கேனான்ல 'ப்ரிவென்ட் பேப்பர் அப்ரேஷன்'னும் ஒரு ஆப்ஷன் இருக்கும். தட்டினா ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவுல இடைவெளி கூடும். வேலை முடிஞ்சதும் மறக்காம எடுத்துடுங்க, இல்லைன்னா ஷார்ப்னஸ் அடி வாங்கும். இது சக்கரப் புள்ளிக்கு உதவாது, அதுக்காக இதைத் தட்டி ஏமாறாதீங்க. பின்னாடி தட்டுல பேப்பர் வைக்கிற வசதி இருந்தா அதையே பிடிச்சுக்குங்க. முன் தட்டுல வச்சா பேப்பர் உள்ளே 'யூ' டர்ன் அடிக்கணும், தடிப் பேப்பருக்கு அது தண்டனை. ஒவ்வொரு தாளா வைங்க. மீதியை ஜிப் கவர்ல, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட அடைச்சிடுங்க. புது ஷூ வாங்கினா வருமே, அதேதான். ஓரம் வரைக்கும் படம் வேணாம், சுத்தி வெள்ளை பார்டர் விடுங்க. ஓரத்தைத் தாண்டித் தெளிக்கிற மைதான் அடுத்த தாளோட முதுகுல அப்பும்.

தூசியை மறந்துட்டேனே! சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்குறது கோர்ட் உத்தரவால 2011-ல நின்னு, எண்ணூர் பக்கம் போச்சு. அங்கே இருக்கிறவங்க பிரிண்டருக்குத் துணி போட்டு மூடியே வைங்க. படம் போடுறதுக்கு முன்னாடி சாதாரண தாள் நாலஞ்சை வெறுமனே ஓட்டுங்க, உருளையில ஒட்டின தூளை அதுவே வாரிக்கிட்டு வந்துடும்.

ரெண்டாவது தடவை தாத்தா படத்தை மத்தியான வெயில்ல, புதுப் பாக்கெட் பிரிச்சு, சரியான செட்டிங்ல போட்டேன். ஒரு நாள் முழுக்க ஃபேன் காத்துக்குத் தள்ளிக் காய வச்சுட்டுத்தான் கண்ணாடி போட்டேன். ஈரத்தோட மாட்டினா கண்ணாடியில ஒட்டிக்கும்.

தாத்தா இந்த முறையும் வாசலுக்குத்தான் கொண்டு போனார். சாய்ச்சார், திருப்பினார், கன்னத்தைக் கட்டை விரலால தடவிப் பார்த்தார்.

"ஆணி இருக்கா நைனா?"ன்னார்.